அந்தமான் காட்டில் புள்ளிமான் மேய்ச்சலை அளக்கும் வேலி

புள்ளிமான் அந்தமானின் பூர்வீக விலங்கு அல்ல. ஆங்கிலேயர் கொண்டுவந்து விட்டது. வேட்டையாடச் சிறுத்தையோ புலியோ இல்லை. கடலில் நீந்தியும் பக்கத்துத் தீவுகளுக்குப் பரவியது. பெரிய மரங்கள் நிற்பதால் காடு நலமாகத் தெரியும். ஆனால் மான் மேய்ந்துவிடுவதால் கீழே மரக்கன்றுகளே இருக்காது. அதை நிரூபிக்க ஜோடிக் கட்டங்கள் தேவை: ஒன்று மான் நுழையாதபடி வேலியிட்டது, மற்றொன்று திறந்தது.

வனத்துறை அனுமதிக்குப் பிறகு, ஒரே சரிவும் ஒரே நிழலும் உள்ள இரண்டு 10×10 மீட்டர் கட்டங்களைக் குறியுங்கள். எதற்கு வேலி என்பதை நாணயம் சுண்டி முடிவு செய்யுங்கள். கண்ணுக்குச் செழிப்பான பக்கத்தைத் தேர்ந்தால் கணக்கே பாழ். வேலி போடும் முன்பே இரண்டிலும் கன்றுகளை எண்ணி, உயரம் அளந்து, அடையாளத்துக்கு அலுமினியத் தகடு கட்டிவிடுங்கள். ஓரத்தில் 1 மீட்டர் விட்டு, உள்ளே 8×8 மட்டும் அளந்தால் போதும்.

வேலி 2.4 மீட்டர் உயரம், துத்தநாகம் பூசிய கம்பி, 10 செ.மீ. வலைக்கண் (கம்பிகளுக்கு இடையிலான ஓட்டை). உப்புக்காற்றில் சாதாரணக் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும். கண்ணைச் சிறிதாக்க வேண்டாம்: நில நண்டும் எலியும் கன்று தின்னும், அவை இரு கட்டங்களிலும் நுழைந்தால்தான் வித்தியாசம் மானுடையது என்று சொல்லலாம். கடித்த நுனியையும் பாருங்கள். மானுக்கு மேல் முன்பற்கள் கிடையாது, அதனால் தண்டு பிய்ந்து நார்நாராக இருக்கும். எலி கடித்தது கத்தியால் சாய்வாகச் சீவினாற்போல இருக்கும்.

ஆண்டுதோறும் பிப்ரவரியில், மழை ஓய்ந்ததும் அளவெடுங்கள். ஒவ்வொரு புயலுக்குப் பிறகும் வேலியைச் சுற்றி வாருங்கள். விழுந்த ஒரு கிளை திறந்துவிட்ட இடைவெளி போதும், ஓர் ஆண்டுக் கணக்கு போய்விடும்.