16 கோர் பிசிய நீங்களே அசெம்பிள் பண்ணி ஓவர்க்ளாக் பண்றது எப்படி? (முதல் தடவை பண்றவங்களுக்கு)

ரெண்டரிங், வீடியோ எடிட்டிங், சிமுலேஷன்னு கனமான வேலை பாக்குறவங்களுக்கு ஒரு கட்டத்துல பிராண்டட் வொர்க்ஸ்டேஷன் மேல ஆசை வரும், கொட்டேஷன் கைக்கு வந்ததும் அந்த ஆசை போயிடும். ஏஎம்டியோட த்ரெட்ரிப்பர் ப்ரோ 7995டபிள்யூஎக்ஸ் 2023 கடைசில வந்தப்ப ப்ராசஸர் மட்டுமே 9,999 டாலர். அதே கம்பெனி 2024 ஆகஸ்ட்ல விட்ட ரைசன் 9 9950எக்ஸ் வந்தப்ப 649 டாலர். அதுல 96 கோர் (ப்ராசஸருக்குள்ள தனித்தனியா வேலை செய்ற பகுதி), இதுல 16 கோர், அதனால எல்லா கோரையும் ஒரே நேரத்துல விரட்டுற வேலைனா பெருசுதான் ஜெயிக்கும், அதுல மறுபேச்சே இல்ல. ஆனா சிங்கிள் கோர் பூஸ்ட்ட, அதாவது ஒரு கோர் மட்டும் ஓடுறப்ப தொடுற உச்ச வேகத்த பாருங்க, பெருசு 5.1 கிகாஹெர்ட்ஸ், சின்னது 5.7. கேட் (CAD) மாடலிங், போட்டோஷாப், டைம்லைன் இழுக்குறது எல்லாம் பெரும்பாலும் ஒண்ணு ரெண்டு கோர்லதான் ஓடும், அங்க 15 மடங்கு விலைல உள்ளத சின்னது சாதாரணமா முந்தும்.

ஒண்ணு மட்டும் முன்னாடியே சொல்லிடறேன். உங்க வேலைக்கு 500 ஜிபி ராம் வேணும், நாலு கிராஃபிக்ஸ் கார்டு மாட்டணும், சாஃப்ட்வேர் கம்பெனி சர்டிஃபை பண்ண கார்டுலதான் சப்போர்ட் தருவேங்குறாங்க, இப்படினா இந்தப் பதிவு உங்களுக்கு இல்ல, த்ரெட்ரிப்பர் ப்ரோவோட 128 பிசிஐஇ லேனும் (கார்டு, எஸ்எஸ்டி எல்லாம் ப்ராசஸரோட பேசுற பாதை) எட்டு மெமரி சேனலும் எந்த ஓவர்க்ளாக்லயும் வராது. மத்தவங்க தொடர்ந்து படிங்க.

ஓவர்க்ளாக்னா இப்ப என்ன

ஓவர்க்ளாக்னா சிப்ப கம்பெனி வச்ச வேகத்துக்கு மேல ஓட்டுறது. 1998ல இன்டெல் செலரான் 300ஏன்னு ஒரு ப்ராசஸர் வந்துச்சு. பஸ் ஸ்பீட 66லேர்ந்து 100 மெகாஹெர்ட்ஸ்க்கு மாத்துனா 300 மெகாஹெர்ட்ஸ் சிப்பு 450ல ஓடும், அவ்ளோதான் வேலை, பல மடங்கு விலை உள்ள பென்டியம் 2 கூட போட்டி போட்டுச்சு. அந்தக் காலம் முடிஞ்சுது. இப்ப கம்பெனிக்காரனே சிப்ப கிட்டத்தட்ட கடைசி எல்லை வரைக்கும் ஓட்டித்தான் விக்குறான், நீங்க போய் எல்லா கோரையும் 5.3ல ஃபிக்ஸ் பண்ணா சிங்கிள் கோர்ல இருந்த 5.7 போயிடும், காசு குடுத்து ஸ்லோ பண்ண கதைதான். இன்னைக்கு ஓவர்க்ளாக்ங்கறது பெரும்பாலும் வோல்டேஜ குறைக்குற வேலை. குறைஞ்ச வோல்டேஜ்ல சூடு குறையும், சூடு குறைஞ்சா சிப்பு தானாவே அதிக க்ளாக்ல நிக்கும்.

என்ன வாங்கணும்

ப்ராசஸர் 9950எக்ஸ். 7950எக்ஸ் நல்ல விலைல கிடைச்சா அதுவும் ஓகே, அதுவும் 16 கோர், சாக்கெட்டும் அதே ஏஎம்5. மதர்போர்டுல லைட்டு, கண்ணாடி எல்லாம் பாக்காதீங்க, ப்ராசஸருக்கு கரென்ட் குடுக்குற விஆர்எம் மேல கனமான ஹீட்சிங்க் இருக்கா, பின்னாடி பயாஸ் ஃப்ளாஷ்பேக் பட்டன் (போர்டோட அடிப்படை சாஃப்ட்வேரான பயாஸ, பிசி பூட் ஆகாமலே அப்டேட் பண்றது) இருக்கான்னு மட்டும் பாருங்க.

ராம்லதான் நிறைய பேர் சொதப்புவாங்க. மொத்தம் 96 ஜிபி வேணும்னா 48 ஜிபி ஸ்டிக் ரெண்டு வாங்குங்க, 24 ஜிபி ஸ்டிக் நாலு வாங்காதீங்க. ஏஎம்டி கணக்குப்படியே 9950எக்ஸ்ல ரெண்டு ஸ்டிக்னா 5600 வேகம் வரைக்கும் கேரண்டி, நாலு போட்டா அது 3600க்கு இறங்கிடும். டிடிஆர்5 6000, சிஎல்30 (ராமோட தாமத அளவு, கம்மியா இருந்தா நல்லது), எக்ஸ்போ ப்ரொஃபைல் (அந்த வேகத்த பயாஸ்ல ஒரே தட்டுல செட் பண்றது) உள்ள கிட், இதுதான் இந்த ப்ராசஸருக்கு சரியான இடம். 8000 ராம் வாங்குனா காசுக்கு ஏத்த பலன் இருக்காது.

கிராஃபிக்ஸ் கார்டு உங்க வேலைய பொறுத்தது. ஆர்டிஎக்ஸ் 5070 டிஐ 16 ஜிபி, 300 வாட், பெரும்பாலானவங்களுக்கு போதும். 32 ஜிபி வேணும்னா 5090, ஆனா அது 575 வாட் இழுக்கும். போன தலைமுறைல வொர்க்ஸ்டேஷன் கார்டான ஆர்டிஎக்ஸ் 6000 ஏடாவும் கேமிங் கார்டான 4090ம் ஒரே ஏடி102 சிப்புலதான் வந்துச்சு, முன்னதுல 48 ஜிபி மெமரி, பின்னதுல 24, விலை நாலு மடங்கு வித்தியாசம். உங்க சீன் 16 ஜிபிக்குள்ள அடங்குதுன்னா அந்த மெமரிக்கு காசு குடுக்கத் தேவையில்ல.

எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) 5070 டிஐக்கு 850 வாட் கோல்டு, 5090க்கு 1000 வாட்டுக்கு குறையாம. கூலர் 360 எம்எம் லிக்விட். கேபினட் முன்னாடி முழுக்க காத்து போற வலையா இருக்கறது, கண்ணாடி வேணாம். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல போய் வாங்குறவங்க ஒவ்வொரு பார்ட்டுக்கும் தனித்தனியா சீரியல் நம்பர் போட்ட பில்லு கேட்டு வாங்குங்க, பின்னாடி வாரண்டிக்கு அதுதான் ஆதாரம். வாரண்டின்னதும் இதையும் சொல்லணும், எக்ஸ்போ ஆன் பண்றதையே ஏஎம்டி ஓவர்க்ளாக்கிங்னுதான் சொல்லுது, அதனால வர்ற டேமேஜ் வாரண்டில வராது.

அசெம்பிள் பண்றது

மதர்போர்ட அதோட அட்டைப்பெட்டி மேலயே வச்சு வேலைய ஆரம்பிங்க, கேபினட்டுக்குள்ள போட்டுட்டு கைய விடாதீங்க. ஏஎம்5ல பின்னெல்லாம் ப்ராசஸர்ல இல்ல, சாக்கெட்டுலதான் இருக்கு, 1718 பின்னு, ஒண்ணு வளைஞ்சாலும் போர்டு போச்சு. லிவர தூக்கி, ஃப்ரேம திறந்து, ப்ராசஸர் மூலைல இருக்கற சின்ன தங்க முக்கோணத்த சாக்கெட் முக்கோணத்தோட நேரா வச்சு, ரெண்டு ஓரத்தையும் புடிச்சு மெதுவா விடுங்க, அழுத்தவே கூடாது, அதுவா உக்காரும். அப்புறம் ஃப்ரேம மூடி லிவர கீழ தள்ளுங்க. இங்கதான் எல்லாரும் பயப்படுவாங்க, ஏன்னா நல்லா அழுத்தம் குடுக்கணும், கறகறன்னு லேசா சத்தமும் வரும், அது நார்மல்தான். மேல இருக்கற கருப்பு பிளாஸ்டிக் மூடி தானா தெறிச்சு வெளிய வரும், அத தூக்கிப் போடாதீங்க, போர்ட சர்வீஸ்க்கு அனுப்பணும்னா அந்த மூடியோடதான் அனுப்பணும்.

ராம் ரெண்டும் ப்ராசஸர் பக்கத்துலேர்ந்து எண்ணி ரெண்டாவது, நாலாவது ஸ்லாட்டுல. எஸ்எஸ்டி ப்ராசஸருக்கு பக்கத்துல இருக்கற எம்.2 ஸ்லாட்டுல, அதோட ஹீட்சிங்க் அடில ஒட்டியிருக்கற பிளாஸ்டிக் ஃபிலிம உரிச்சுட்டு மூடுங்க. கூலர் அடிலயும் அதே மாதிரி ஒரு ஃபிலிம் இருக்கும், அத உரிக்காம மாட்டிட்டு "ஏன்ப்பா உடனே 95 டிகிரி போகுது"ன்னு கேக்குறவங்க வருஷா வருஷம் இருக்காங்க. ஏஎம்5ல போர்டுக்கு பின்னாடி இருக்கற இரும்புத் தகட கழட்ட வேணாம், முன்னாடி இருக்கற ரெண்டு பிளாஸ்டிக் பிராக்கெட் மட்டும் கழட்டுனா போதும். தெர்மல் பேஸ்ட் நடுவுல ஒண்ணும் நாலு மூலைல சின்னச் சின்னதாவும் வைங்க, ஓரத்துல இருக்கற வெட்டுக்குள்ள கொஞ்சம் போனாலும் கரென்ட் கடத்தாத பேஸ்ட்னா கவலையில்ல.

கேபினட்ல போர்டு ஓட்டைக்கு நேரா ஸ்டாண்ட்ஆஃப் (போர்டு உக்காருற சின்ன உலோகத் தூண்) எல்லாம் இருக்கான்னு பாத்துட்டு முடுக்குங்க. ப்ராசஸருக்கு மேல இடது மூலைல எட்டு பின் கனெக்டர் ரெண்டு இருக்கும், ரெண்டும் மாட்டுங்க. பழைய எஸ்எம்பிஎஸ்ஸோட மாடுலர் கேபிள புதுசுல போடவே போடாதீங்க, பாக்க ஒரே மாதிரி இருக்கும், உள்ள வயர் வரிசை வேற, டிஸ்க்கு போர்டு எல்லாம் புகைஞ்சிடும். கார்டோட 16 பின் கனெக்டர இடைவெளி துளிகூட தெரியாத அளவுக்கு தள்ளுங்க, பாதி சொருகி இருந்தா அதுதான் உருகும். கனெக்டர்லேர்ந்து மூணரை சென்டிமீட்டர் தள்ளிதான் கேபிள வளைக்கணும். மானிட்டர் கேபிள் கார்டுலதான், போர்டுல இல்ல.

முதல் தடவை ஆன் பண்றப்ப

ஃபேன் சுத்தும், லைட்டு எரியும், ஸ்க்ரீன் கருப்பாவே இருக்கும். ஆஃப் பண்ணிடாதீங்க! ராம் ட்ரெயினிங் நடக்குது, அதாவது போர்டு ராமுக்கு ஏத்த செட்டிங்க தேடுது, டிடிஆர்5ல முதல் தடவை சில நிமிஷம் எடுக்கும், 96 ஜிபினா இன்னும் கூட இழுக்கும். கால் மணி நேரம் ஆகியும் ஒண்ணும் வரலைனா மட்டும் ராம கழட்டி மாட்டுங்க.

வந்ததும் முதல் வேலை பயாஸ் அப்டேட். இத விளையாட்டா எடுத்துக்காதீங்க, 2023ல எஸ்ஓசி வோல்டேஜ் (ப்ராசஸருக்குள்ள மெமரி கன்ட்ரோலர் பகுதிக்கு போறது) ஓவரா போய் சில ரைசன் 7000 சிப்பு கருகுனதுக்கு அப்புறம் ஏஎம்டி பயாஸ் மூலமா அத 1.3 வோல்ட்டுக்குள்ள கட்டுச்சு. இன்டெல் 13, 14ம் தலைமுறை வச்சிருக்கறவங்களுக்கும் 2024ல அதே மாதிரி மைக்ரோகோட் (சிப்புக்குள்ள ஓடுற சாஃப்ட்வேர்) அப்டேட் வந்துச்சு, போடாதவங்க உடனே போடுங்க.

விண்டோஸ் போட்டு, எதையும் மாத்தாம சினிபெஞ்ச் ஆர்23ங்கற ப்ராசஸர் வேகத்த அளக்குற டூல ஓட்டி ஸ்கோர எழுதி வைங்க. மல்டி கோர் 40,000 பக்கத்துல இல்ல அதுக்கு மேல வரணும். ரொம்ப கம்மியா வந்தா கூலர் சரியா உக்காரல, அத சரி பண்ணாம அடுத்த ஸ்டெப்புக்கு போகாதீங்க.

இப்ப ட்யூனிங், ஒரு நேரத்துல ஒண்ணு மட்டும்

முதல்ல ராம். பயாஸ்ல எக்ஸ்போ ஆன் பண்ணுங்க, டாஸ்க் மேனேஜர்ல 6000 காட்டணும், எச்டபிள்யூஇன்ஃபோங்கற சூடு, வோல்டேஜ் காட்டுற டூல்ல எஸ்ஓசி வோல்டேஜ் 1.3க்குள்ள இருக்கான்னு பாருங்க. அப்புறம் ராம சோதிக்குற மெம்டெஸ்ட்86 பென்டிரைவ்ல போட்டு ராத்திரி ஓட விடுங்க. ஒரே ஒரு எரர் வந்தாலும் ஃபெயில்தான், "ஒண்ணுதானே"ன்னு விட்டா ஒரு நாள் ரெண்டர் நடுவுல பிக்சல் கெடும், இல்ல சேவ் பண்ண ஃபைல் திறக்காது, எதனாலன்னு கடைசி வரைக்கும் தெரியாது. வொர்க்ஸ்டேஷன்காரன் வாங்குற காசுல நல்ல பங்கு இந்த ஒரு விஷயத்துக்குத்தான், தப்பில்லாம ஓடும்ங்கற உத்தரவாதம். அத நீங்க காசுக்கு பதிலா டெஸ்ட் பண்ற பொறுமைல குடுக்கறீங்க.

அடுத்து ப்ராசஸர். பயாஸ்ல ஏஎம்டி ஓவர்க்ளாக்கிங், அதுக்குள்ள ப்ரிசிஷன் பூஸ்ட் ஓவர்டிரைவ், அதுக்குள்ள கர்வ் ஆப்டிமைசர், இதுதான் வோல்டேஜ படிப்படியா குறைக்குற இடம். ஆல் கோர், நெகடிவ், 10. ஒரு படிக்கு 3லேர்ந்து 5 மில்லிவோல்ட் குறையும். கூடவே டெம்பரேச்சர் லிமிட்ட 85ன்னு போடுங்க, 95 வரைக்கும் தாங்குற மாதிரிதான் ஏஎம்டி செஞ்சிருக்கு, ஆனா நம்ம ஊர் ரூம்ல ஃபேன் சத்தம் தாங்காது.

இப்ப சினிபெஞ்ச் பாஸ் ஆயிடுச்சுன்னு குதிக்காதீங்க. நெகடிவ் அதிகமாப் போனா இந்த சிப்பு ஃபுல் லோடுல விழாது, சும்மா இருக்கறப்ப விழும், நீங்க யூட்யூப் பாத்துட்டு இருக்கறப்ப பட்டுன்னு ரீஸ்டார்ட் ஆகும். காரணம் என்னன்னா லைட் லோடுலதான் ஒரு கோர் 5.7 வரைக்கும் ஏறும், அந்த உச்சில வோல்டேஜ் பத்தாது. அதனால கோர்சைக்ளர்ங்கற இலவச டூல் போடுங்க, அது ஒவ்வொரு கோரா தனித்தனியா டெஸ்ட் பண்ணும், ராத்திரி முழுக்க விடுங்க. விண்டோஸ் ஈவென்ட் வியூவர்ல டபிள்யூஎச்இஏ (WHEA) எரர், அதாவது ஹார்டுவேர் பிழை இருக்கான்னும் பாருங்க. பாஸ் ஆனா 15, அப்புறம் 20. எந்தக் கோர் விழுதோ அதுக்கு மட்டும் 5 குறைச்சு குடுங்க, பெரும்பாலும் அதிக க்ளாக் போற நல்ல கோர்தான் முதல்ல விழும். ஒருத்தன் 30 போட்டேன்னு சொன்னா அது அவன் சிப்பு, உங்களுது 12ல நின்னாலும் லாபம்தான்.

கார்டுக்கு எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர்ல பவர் லிமிட்ட 80 சதவீதம் பண்ணி ரெண்டர் டைம் பாருங்க, கொஞ்சம்தான் கூடும், சூடும் சத்தமும் நல்லா குறையும். நாள் முழுக்க ரெண்டர் போடுறவங்களுக்கு நான் க்ளாக் ஏத்தவே சொல்ல மாட்டேன்.

டிசம்பர்ல ட்யூன் பண்ணவங்க மே மாசம் மதியம் ஏசி போடாம ஒரு தடவை மறுபடியும் டெஸ்ட் பண்ணுங்க, ரூம் 10 டிகிரி ஏறுனா சிப்பும் கிட்டத்தட்ட அவ்ளோ ஏறும். கேபினட்ட தொட்டா சுர்ருன்னு இருந்தா ப்ளக் பாயிண்ட்ல எர்த் சரியில்ல, எலக்ட்ரீஷியன கூப்பிடுங்க, பிசிய கழட்டாதீங்க. வீட்ல இருக்கற 600 விஏ யுபிஎஸ் இந்த மெஷின தாங்காது, 1500 விஏக்கு குறையாம ப்யூர் சைன் வேவ் பாருங்க.

எல்லாம் செட் ஆனதும் பயாஸ் செட்டிங்க ப்ரொஃபைலா சேவ் பண்ணிட்டு, எல்லா ஸ்க்ரீனையும் மொபைல்ல போட்டோவும் எடுத்து வச்சுக்கோங்க, அடுத்த பயாஸ் அப்டேட்ல பழைய ப்ரொஃபைல் பெரும்பாலும் லோட் ஆகாது, கைலதான் திரும்ப போடணும். ட்யூன் பண்றப்ப பூட்டே ஆகலைனா ஆஃப் பண்ணி, ப்ளக்க உருவி, போர்டுல பயாஸ் செட்டிங்க அழிக்குற க்ளியர் சிமாஸ் ஜம்பரோட ரெண்டு பின்னையும் ஸ்க்ரூ டிரைவரால சேத்து சில செகண்ட் தொடுங்க, இல்லைனா வட்ட பேட்டரிய கழட்டி கொஞ்ச நேரம் கழிச்சு மாட்டுங்க, எல்லாம் பழையபடி வந்துடும்.