பட்டாளத்திலிருந்து வீடு திரும்பியதும் மனைவியோடு உட்கார்ந்து முடிக்க வேண்டிய வேலைகள்

சிப்பாயாகச் சேர்ந்தவர்களில் பலர் நாற்பது வயதை ஒட்டியே வெளியே வந்துவிடுகிறார்கள். பிள்ளைகள் படிப்பும் வீட்டுக் கடனும் பாதியில் நிற்கிற வயது அது. ஆவடியிலோ தாம்பரத்திலோ நங்கநல்லூரிலோ பெட்டியை இறக்கி வைத்ததுமே "அடுத்து என்ன வேலை?" என்று சொந்தக்காரர்கள் கேட்க ஆரம்பிப்பார்கள். வேலை இரண்டு மாதம் காத்திருக்கட்டும். முதலில் காகிதங்களை எல்லாம் வெளியே எடுத்து, மனைவியோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பாருங்கள். உங்கள் காலத்துக்குப் பிறகு குடும்ப பென்ஷன் வாங்கப் போவது அவர்தான், ஆனால் எந்தக் காகிதம் எங்கே இருக்கிறது என்றே தெரியாமல் அலுவலகம் அலுவலகமாக அலைகிற பெண்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

டிஸ்சார்ஜ் புக், பி.பி.ஓ. என்கிற பென்ஷன் ஆணை, ஆதார், பான், பேங்க் பாஸ்புக், எல்லாவற்றையும் தரையில் வரிசையாக வைத்து, பெயரையும் பிறந்த தேதியையும் எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். பட்டாள ரெக்கார்டில் மனைவி பெயர் 'ஜெயா' என்று இருக்கும், ஆதாரில் 'ஜெயலட்சுமி முருகன்', பேங்கில் 'எம். ஜெயலட்சுமி'. மூன்றும் ஒரே ஆள்தான் என்று நமக்குத் தெரியும், கம்ப்யூட்டருக்குத் தெரியாது. குழந்தை பிறந்தபோது அதை ரெக்கார்டில் ஏற்றுகிற பார்ட் டூ ஆர்டர் போட்டார்களா என்பதையும் பாருங்கள், விட்டுப்போயிருந்தால் பின்னால் அந்தப் பிள்ளைக்கு மருத்துவ கார்டு வாங்குவதே பெரும்பாடு. திருத்தங்களுக்கு உங்கள் ரெக்கார்ட் ஆபீஸுக்குத்தான் எழுத வேண்டும்: மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் வெலிங்டன், ஆர்ட்டிலரி என்றால் நாசிக், சிக்னல்ஸ் என்றால் ஜபல்பூர். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் பெயரைப் பதிவு செய்து அடையாள அட்டை வாங்கிவிட்டால் இந்தக் கடிதங்களுக்கும் அங்கே வழி சொல்வார்கள். நீங்கள் நன்றாக இருக்கும்போது இதெல்லாம் ஒரு விண்ணப்பத்தோடு முடிகிற வேலை. நீங்கள் இல்லாதபோது உங்கள் மனைவிக்கு மாதக்கணக்கில் இழுக்கும்.

அடுத்தது ஸ்பர்ஷ், அதாவது பட்டாளத்து பென்ஷனுக்கான இணையதளம். லாகின் விவரத்தை அவரிடமும் கொடுத்து, அவர் கையாலேயே ஒருமுறை திறக்கச் சொல்லுங்கள். உங்கள் பணிக்காலம் முழுக்க ரேஷன், ஸ்கூல் ஃபீஸ், இ.பி. பில், மாமனார் மாமியார் மருந்து என்று அத்தனையையும் தனியாகச் சமாளித்தவருக்கு இது ஒரு விஷயமே இல்லை. வருடா வருடம் கொடுக்க வேண்டிய லைஃப் சர்டிபிகேட்டுக்கு எங்கேயும் போய் வரிசையில் நிற்க வேண்டாம், ஜீவன் பிரமாண் ஆப்பில் போன் கேமராவில் முகத்தைக் காட்டியே முடித்துவிடலாம். ஒன்றே ஒன்று, பென்ஷன் வழங்கும் ஏஜென்சி கேட்கும் இடத்தில் பழைய ஞாபகத்தில் பேங்கைத் தேர்ந்தெடுத்துவிடாமல் ஸ்பர்ஷைத் தேர்ந்தெடுங்கள். அப்புறம், "பென்ஷன் நின்றுவிடும், ஓ.டி.பி. சொல்லுங்கள்" என்று யார் போன் செய்தாலும், ஹிந்தியில் எவ்வளவு மரியாதையாக "சாப்" போட்டுப் பேசினாலும், வைத்துவிடுங்கள்.

முன்னாள் படைவீரர் குடும்பங்களுக்கான மருத்துவத் திட்டமான இ.சி.எச்.எஸ். கார்டு வீட்டில் எல்லாருக்கும் வந்துவிட்டதா பாருங்கள். மகனுக்கு 25 வயது வரை, அதற்குள் வேலையோ கல்யாணமோ ஆகாமல் இருந்தால் மட்டும். சாதாரண நேரத்தில் இ.சி.எச்.எஸ்.ஸின் சொந்த மருத்துவமனையான பாலிகிளினிக்கில் ரெஃபரல் வாங்கித்தான் தனியார் ஆஸ்பத்திரிக்குப் போக முடியும். நடுராத்திரி நெஞ்சுவலி என்றால் ரெஃபரலுக்குக் காத்திருக்காமல் பக்கத்து ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள், 48 மணி நேரத்துக்குள் பாலிகிளினிக்குக்குத் தகவல் போனால் போதும். வீட்டுக்குப் பக்கத்தில் இ.சி.எச்.எஸ். பேனலில் இருக்கிற ஆஸ்பத்திரி எது என்று இன்றே கேட்டு, பாலிகிளினிக் போன் நம்பரோடு எழுதி ஃபிரிட்ஜ் மேல் ஒட்டிவிடுங்கள்.

ஓய்வுப் பணம் கைக்கு வந்ததும் மனை விற்கிறவர்கள் வாசலுக்கு வந்துவிடுவார்கள். கம்யூட் செய்த பகுதி, அதாவது முன்கூட்டியே மொத்தமாக வாங்கிக்கொண்ட பகுதி, பென்ஷனில் திரும்பச் சேர 15 வருடம் ஆகும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு கையெழுத்துப் போடுங்கள். 30 வருட வில்லங்கம், பட்டா, சி.எம்.டி.ஏ. அல்லது டி.டி.சி.பி. அங்கீகாரம், மூன்றையும் நீங்களே சரிபார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். விற்கிறவரும் பட்டாளத்துக்காரர்தான் என்பது ஒரு சான்று ஆகாது.

இதெல்லாம் முடிந்த பிறகு வேலை. செக்யூரிட்டி, டிரைவர் மாதிரி வேலைகளுக்கு 1986-ல் தமிழக அரசு தொடங்கிய முன்னாள் படைவீரர் கழகமான டெக்ஸ்கோ இருக்கிறது. மத்திய அரசின் குரூப் சி பணிகளில் முன்னாள் படைவீரர்களுக்கு 10 சதவீதம் ஒதுக்கீடு உண்டு, வயதுத் தளர்வும் உண்டு, அதனால் படிக்கிற தெம்பு இருந்தால் தேர்வு எழுதுங்கள். எதை எடுத்தாலும் இரவு ஷிப்ட் வேலையை முதல் வருடம் தவிர்க்கப் பாருங்கள். லீவில் வந்துபோகிற அப்பாவாகவே உங்களைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள், சாயங்காலம் டியூஷன் முடிந்து வரும்போதாவது நீங்கள் வீட்டில் இருக்க வேண்டும்.