டாக்கர்ஃபைலில் கூடுதல் ரெப்போ: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கங்கைகொண்டான் ஐடி பூங்காவில் இருப்பவர் ஆனாலும், அம்பாசமுத்திரத்தில் வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவர் ஆனாலும், டாக்கர் இமேஜைக் கட்டும் கட்டளைகள் உள்ள டாக்கர்ஃபைலில் ரெப்போ (பேக்கேஜ்களை வழங்கும் களஞ்சியம்) சேர்க்கும்போது முதலில் சறுக்கும் இடம் ஒன்றுதான்: பேக்கேஜ் பட்டியலைப் புதுப்பிக்கும் 'ஆப்ட்-கெட் அப்டேட்' ஒரு ரன் வரியில், 'இன்ஸ்டால்' அடுத்த ரன் வரியில். முதல் வரி மாறாதவரை டாக்கர் அந்தப் பழைய லேயரையே (அந்த வரி முன்பு உருவாக்கிய அடுக்கு) கேஷிலிருந்து எடுக்கும். நீங்கள் இன்ஸ்டால் வரியில் புதிதாக ஒரு பேக்கேஜ் சேர்த்திருப்பீர்கள். கையில் இருப்பதோ மாதக்கணக்கில் பழசான பட்டியல். அதிலுள்ள பதிப்பு சர்வரில் இப்போது இல்லையென்றால் 404 வந்து பில்டு நின்றுவிடும். கேஷையே தவிர்க்கும் '--நோ-கேஷ்' இதற்கு மருந்தல்ல. வீட்டு இணைப்பில் எல்லாப் பேக்கேஜும் ஒவ்வொரு தடவையும் திரும்ப இறங்க வேண்டியிருக்கும். இரண்டையும் '&&' போட்டு ஒரே ரன்னில் எழுதுங்கள். பட்டியலை அழிக்கும் 'ஆர்எம்' வரியும் அதோடு சேரட்டும். தனி ரன்னில் அழித்தால் கீழ் லேயரில் அது அப்படியே கிடக்கும், இமேஜின் அளவு குறையாது.

அடுத்தது, ரெப்போவின் கையொப்பத்தைச் சரிபார்க்கும் சாவி. 'ஆப்ட்-கீ ஆட்' என்று சொல்லும் பழைய குறிப்புகளை ஒதுக்கிவிடுங்கள். அப்படிச் சேர்த்த சாவியை ஆப்ட் எல்லா ரெப்போவுக்கும் நம்பும். ஒரு வெளி ரெப்போவுக்காகக் கதவு முழுவதும் திறந்துவிடுகிறது. '/ஈடிசி/ஆப்ட்/கீரிங்ஸ்' கீழே சாவியை வைத்து, அந்த ரெப்போவின் 'சைன்ட்-பை'யில் மட்டும் அதன் பாதையைக் கொடுங்கள். எழுத்து வடிவச் சாவிக்கு '.ஏஎஸ்சி', பைனரிக்கு '.ஜிபிஜி' என்று பெயர் முடிய வேண்டும். மாற்றி வைத்தால் டெபியன் 12-இல் ஆப்ட் அதைக் கண்டுகொள்ளாது, 'நோ பப்கீ' என்று நிற்கும். அந்த ஆத்திரத்தில், கையொப்பச் சரிபார்ப்பையே தவிர்க்கும் 'டிரஸ்டட்=யெஸ்' போடவே போடாதீர்கள். ஸ்லிம் (சுருக்கப்பட்ட) இமேஜில், எச்டிடிபிஎஸ் தளங்களைச் சரிபார்க்க உதவும் 'சிஏ-சர்டிஃபிகேட்ஸ்' இருக்காது. எச்டிடிபிஎஸ் ரெப்போவைச் சேர்க்கும் முன் அதை நிறுவிவிடுங்கள்.

டெபியன் 12 (புக்வார்ம்) இமேஜில் 'கான்ட்ரிப்', 'நான்-ஃப்ரீ' என்ற கூடுதல் பிரிவுகள் வேண்டுமென்று, ரெப்போ பட்டியலான 'சோர்ஸஸ்.லிஸ்ட்' மேல் எழுத்தை மாற்றும் 'செட்' (sed) கட்டளையை ஓட்டினால் கோப்பே இல்லை என்று வரும். அது இப்போது 'சோர்ஸஸ்.லிஸ்ட்.டி' அடைவில் 'டெபியன்.சோர்ஸஸ்' என்ற கோப்பு; 'காம்பொனன்ட்ஸ்' வரியில் சேர்க்க வேண்டும். புதுப் பதிப்புகளைத் தரும் பேக்போர்ட்ஸ் ரெப்போவைச் சேர்த்தால் மட்டும் போதாது: மெயினில் அதே பேக்கேஜ் இருந்தால் 'இன்ஸ்டால்' உடன் '-டி புக்வார்ம்-பேக்போர்ட்ஸ்' கொடுத்தால்தான் புதுப் பதிப்பு வரும்.

ராக்கி, ஆல்மா லினக்ஸ் பக்கம், கூடுதல் பேக்கேஜ்கள் உள்ள ஈபெல் ரெப்போவை மட்டும் போட்டுவிட்டு, 'நத்திங் ப்ரொவைட்ஸ்' (தேவையான பேக்கேஜ் எங்கும் இல்லை) என்ற பிழையோடு மல்லுக்கட்டுகிறவர்கள் அதிகம். ஈபெல் பேக்கேஜ்கள் பல, பதிப்பு 9-இல் சிஆர்பி ரெப்போவையும் 8-இல் பவர்டூல்ஸ் ரெப்போவையும் நம்பியிருக்கின்றன. சிஆர்பியைத் திறக்க, அங்குள்ள பேக்கேஜ் கருவியான டிஎன்எஃப்பின் 'கான்ஃபிக்-மேனேஜர்' தேவைப்படும், அதற்கு 'டிஎன்எஃப்-பிளகின்ஸ்-கோர்' வேண்டும். ஒரு தடவைக்கு மட்டும் என்றால் 'டிஎன்எஃப் இன்ஸ்டால்' உடன் '--எனேபிள்ரெப்போ=சிஆர்பி' போதும்; இமேஜில் அந்த ரெப்போ மூடியபடியே இருக்கும்.