நல்ல அரிசிதானே என்று மூட்டையாக வாங்காதீர்கள்

இந்தப் பொங்கலுக்குப் பிறகு எங்கள் குடியிருப்பில் நான்கு குடும்பங்கள், குறைவாக வாங்குவது, யோசித்து வாங்குவது என்று தொடங்கியிருக்கிறார்கள். மனசுக்கு நிறைவாக இருக்கிறது. ஆனால் ஆறு வருடம் முன்னால் நான் செய்த தப்புகளையே திரும்பச் செய்கிறார்கள். விளக்கை அணைப்பது, குழாயை மூடுவது எல்லாம் தெரிந்ததுதான், விடுங்கள்.

தேவைக்கு மேல் இயற்கை அரிசி

இதை நினைத்தால் இன்னும் எரிச்சல் வருகிறது. இடைத்தரகர் இல்லாமல் விவசாயி கைக்கே பணம் போகட்டும் என்று, தை அறுவடை முடிந்ததும் திருவாரூர்ப் பக்கத்து விவசாயி ஒருவரிடம் மாப்பிள்ளைச் சம்பா 75 கிலோ வாங்கினேன். தவிடு நீக்காத அரிசி. வீட்டில் மூன்று பேர். வாரத்தில் இரண்டு நாள் கஞ்சி, ஒரு நாள் புட்டு. மாதம் 5 கிலோதான் செலவானது.

சித்திரை வெயிலில் மூட்டையைப் பிரித்தால் சிக்கு வாடை! தவிட்டில் எண்ணெய் இருக்கிறது. சூடும் காற்றும் பட்டால் கெட்டுவிடும். தீட்டிய அரிசிபோல இது தாங்காது. கூடவே வண்டு. உலர்த்தினேன், வசம்பு போட்டேன். வண்டு குறைந்தது, வாடை போகவில்லை. ஏறக்குறைய 60 கிலோ மாட்டுக்குப் போனது. ஒரு கிலோ நெல் விளைய சுமார் 2,500 லிட்டர் தண்ணீர் வேண்டும். கிட்டத்தட்ட 160 நாள் வயலில் நின்ற பயிர் அது.

போன வாரம் கீழ்வீட்டுத் தம்பி இரண்டு மூட்டைக்குச் சொல்லியிருந்தார். "மொத்தமா வாங்கினா விவசாயிக்கு நல்லதுதானேக்கா?" என்றார். முன்பணம் மொத்தமாகக் கொடுங்கள், அரிசி மொத்தமாக வேண்டாம் என்றேன். நெல்லாக இருந்தால் உமி காக்கும். மாதாமாதம் அரைத்து அனுப்பச் சொல்லி, ஐந்து வீடு சேர்ந்து ஒரு மூட்டையைப் பிரித்துக்கொள்கிறோம் இப்போது.

விவசாயியிடம் பேரம்

வேண்டாம். கட்டுப்படியாகாவிட்டால் அளவைக் குறையுங்கள்.

துணிபோலத் தெரியும் பை

கடைகளில் தரும் அந்த மொரமொரப்பான பை பாலிப்ரோப்பிலீன், அதாவது பிளாஸ்டிக். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. ஓரத்தைப் பிய்த்துப் பாருங்கள், நெய்த நூல் வராது. அப்புறம், நிஜ மஞ்சப்பையையும் பத்துப் பன்னிரண்டு சேர்க்காதீர்கள். இரண்டு போதும், கிழிந்தால் தைக்கலாம்.

டப்பாவை வீசிவிட்டுக் கண்ணாடி ஜாடி

பழைய டப்பா உடையும்வரை பருப்பு அதிலேயே இருக்கட்டும். எங்கள் வீட்டு உளுந்து இன்னும் 2011-ல் வாங்கிய பிளாஸ்டிக் டப்பாவில்தான் இருக்கிறது.