தானாக அணையும் கம்ப்யூட்டர்: பழுது பார்க்கிறேன் என்று ஹார்ட் டிஸ்க்கையும் சேர்த்து எரிக்காதீர்கள்

பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் தொழில் பழக வரும் தம்பிகள் எல்லோரும் ஒரே வரிசையில்தான் தப்பு செய்கிறார்கள். "அண்ணா, தானா ஆஃப் ஆயிடுது" என்று ஒரு மெஷின் வந்ததும் விண்டோஸை ஃபார்மட் அடிப்பார்கள். அப்புறம் ரேமைக் கழற்றித் துடைப்பார்கள். மெஷினுக்குக் கரண்ட் கொடுக்கும் பவர் சப்ளைப் பெட்டியான எஸ்எம்பிஎஸ் பக்கம் போவது கடைசியில்தான். பிளக் லூஸ், தூசி அடைப்பு இதையெல்லாம் நீங்களே பார்த்திருப்பீர்கள். அதை நான் எழுதவில்லை.

41ஐக் காரணம் என்று நம்புவது

விண்டோஸ் நடந்ததைக் குறித்து வைக்கும் ஈவென்ட் வியூவரில் சிவப்பாக நிற்கும் 'கெர்னல்-பவர் 41' நோயின் பெயர் கிடையாது. முறையாக ஷட்டவுன் ஆகாமல் மெஷின் மறுபடி எழுந்தது என்று மட்டும் அது சொல்கிறது. தெருவில் கரண்ட் போனாலும் அதே 41தான் வரும். அதைத் திறந்து உள்ளே பக்செக் கோடை, அதாவது விண்டோஸ் குறித்து வைத்த பிழை எண்ணைப் பாருங்கள். பூஜ்யமாக இருந்தால் பெரும்பாலும் விண்டோஸுக்கே தெரியாமல் கரண்ட் அறுந்திருக்கிறது. அப்போது ஃபார்மட் அடித்து என்ன பயன்?

எப்படி அணைகிறது என்று கேட்காமல் விடுவது

கேம் ஆடும்போதோ வீடியோ ரெண்டர் ஆகும்போதோ பட்டென்று அணைந்து, பின்னால் இருக்கும் சுவிட்சை நிறுத்திப் போட்டால்தான் மறுபடி ஆன் ஆகிறதா? எஸ்எம்பிஎஸ் தன்னைக் காத்துக்கொள்ளப் பூட்டிக்கொள்கிறது. அணைந்தவுடன் ஆன் செய்தால் முன்னைவிடச் சீக்கிரம் அணைகிறதா? சூடு, பிராசஸர் கூலரின் நாலு பின்னும் உட்கார்ந்திருக்கிறதா பாருங்கள். சும்மா இருக்கும்போதே, ஆன் செய்த சில நொடியில் போகிறதா? முன்பக்க பவர் பட்டன் அழுந்தியபடி சிக்கியிருக்கலாம். அந்த வயரை மதர்போர்டிலிருந்து உருவிவிட்டு ஓட்டிப் பாருங்கள்.

சீமாஸ் பேட்டரியை மாற்றுவது

மதர்போர்டில் காசு மாதிரி இருக்கும் அந்தப் பேட்டரி தீர்ந்தால் கடிகாரம் தப்பும். ஓடும் மெஷின் அணையாது.

புது எஸ்எம்பிஎஸ்ஸில் பழைய கேபிள்

இதைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிறது.

கேபிளைத் தனியாகக் கழற்றும் மாடுலர் எஸ்எம்பிஎஸ்ஸில், டிஸ்க் பக்கமும் மதர்போர்டு பக்கமும் இருக்கும் முனைகளுக்குத்தான் பொது விதி உண்டு. எஸ்எம்பிஎஸ் பக்க முனைக்கு இல்லை. ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்குப் பின்களை அடுக்குகிறது. ஒரே கம்பெனியின் இரண்டு மாடல் வரிசைகளுக்குள்ளேயே அது மாறலாம். ஆனாலும் கேபிள் உள்ளே போகும், 'டக்' என்று பூட்டியும் கொள்ளும். அதை நம்பித்தான் ஏமாறுகிறார்கள்.

ஸ்ரீராமபுரத்தில் கல்யாண வீடியோ எடிட் செய்யும் தம்பி ஒருவர். ரெண்டரில் மெஷின் அணைகிறது, காரணம் எஸ்எம்பிஎஸ் என்று சரியாகவே கண்டுபிடித்துவிட்டார். நண்பர் வேறொன்று கொண்டுவந்து மாற்றிக் கொடுத்தார். கேபினட் பின்னால் டேக் போட்டு நேர்த்தியாகக் கட்டிய கேபிள்களைப் பிரிக்க மனம் வராமல், பெட்டியை மட்டும் மாற்றிப் பழைய கேபிளையே செருகினார்கள். 5 வோல்ட் வரவேண்டிய வழியில் 12 வோல்ட் போனது. ஆன் செய்த நொடியிலேயே எஸ்எஸ்டி போனது, ஹார்ட் டிஸ்க்குகளும் போயின. இன்னும் டெலிவரி கொடுக்காத கல்யாணம் அதில்தான் இருந்தது. "பொண்ணு வீட்டுக்கு என்னண்ணா சொல்றது?" என்று கேட்டார். எனக்கும் பதில் தெரியவில்லை.

ஹார்ட் டிஸ்க் போர்டில் டிவிஎஸ் டயோடு என்று ஒன்று உண்டு. மிகை மின்னழுத்தத்தைத் தான் வாங்கி ஷார்ட் ஆகி, மற்றதைக் காக்க முயலும். அதனால் சில டிஸ்க்குகளில் டேட்டாவை மீட்க வழி உண்டு. எஸ்எஸ்டியில் அந்த நம்பிக்கை குறைவு. இப்படி நடந்துவிட்டால் 'இன்னொரு தரம் ஆன் பண்ணிப் பார்ப்போம்' என்று தொடவே வேண்டாம். டேட்டா மீட்பவரிடம் அப்படியே கொடுங்கள்.

எஸ்எம்பிஎஸ் மாற்றினால் கேபிள் எல்லாவற்றையும் மாற்றுங்கள், ஒன்று பாக்கியில்லாமல். பழையதைக் கவரில் போட்டு மாடல் பெயரை மேலே எழுதி வையுங்கள். செகண்ட் ஹேண்டில் கேபிள் இல்லாமல் கொடுத்து, "ஏதாவது போட்டுக்கோங்க சார்" என்றால் அந்த எஸ்எம்பிஎஸ் வேண்டாம். சந்தேகமிருந்தால் டிஸ்க்கைச் செருகுமுன் மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள்: 5 வோல்ட் இடத்தில் 4.75க்கும் 5.25க்கும் இடையில் காட்ட வேண்டும்.

பேப்பர் கிளிப் சோதனை

எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து மதர்போர்டுக்குப் போகும் பெரிய முனையைக் கழற்றி, அதில் பச்சை வயரையும் கறுப்பையும் கிளிப்பால் இணைத்தால் எஸ்எம்பிஎஸ் ஃபேன் சுற்றும். சுமை ஏறும்போது தாங்குமா என்பது அதில் தெரியாது.

யூபிஎஸ்ஸை மறப்பது

600 விஏ என்று எழுதியிருக்கும் சின்ன யூபிஎஸ் பெரும்பாலும் 360 வாட்தான் தாங்கும். கிராபிக்ஸ் கார்டு உள்ள மெஷினில், ஏப்ரல், மே மழைக்கு முன்னால் கரண்ட் ஒரு நொடி விட்டு வந்தாலே அது கையை விரித்துவிடும். யூபிஎஸ்ஸைக் கழற்றி, சுவர் பாயிண்டில் நேராகச் செருகி ஒரு நாள் வேலை செய்து பாருங்கள்.

எஸ்எம்பிஎஸ்ஸைத் திறப்பது

வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம்.