டிஸ்கஸ் குஞ்சு எடுக்கணுமா, முதல்ல தண்ணிய சரி பண்ணுங்க

சென்னை கொளத்தூர் மீன் கடைங்களுக்குப் போனா டிஸ்கஸ் மீனோட கலரப் பாத்து மயங்கி, நேரா பெரிய ஜோடியா வாங்கிட்டு வந்துடறாங்க, அது வேணாங்க. ரெண்டரை மூணு இன்ச் சைஸ்ல ஆறு குட்டி வாங்கி, 200 லிட்டருக்குக் கொறையாத டேங்க்ல ஒண்ணா வளருங்க. ஆணா பொண்ணான்னு பாத்து சொல்றது ரொம்ப கஷ்டம், ஒரு வருஷம் ஒன்றரை வருஷத்துல அதுங்களே ஜோடி சேந்து ஒரு மூலைய புடிச்சிக்கிட்டு மத்தத வெரட்டும், அப்ப அந்த ரெண்ட மட்டும் தனியா எடுத்தா போதும்.

நம்ம ஊர்ல பெரிய தலைவலி தண்ணிதான். மெட்ரோ வாட்டர்ல குளோரின் இருக்கும், ஒரு நாள் ஏர் விட்டு வெச்சி ஊத்தலாம், இல்ல ஆன்டி குளோரின் போடலாம். போர் தண்ணி பல ஏரியாவுல உப்பு அதிகமான கடினத் தண்ணி, மீன் உயிரோட இருக்கும் ஆனா முட்டை பொரியாது. என் முதல் ஜோடி நாலு தடவை முட்டை போட்டு நாலும் வெள்ளையாப் போச்சு, மனசே ஒடஞ்சிடுச்சு, அப்புறம் ஆர்ஓ தண்ணி கலந்து டிடிஎஸ், அதாவது தண்ணில கரைஞ்சிருக்கற உப்போட அளவ, 100 கிட்ட கொண்டு வந்தப்புறம்தான் குஞ்சப் பாத்தேன். வெறும் ஆர்ஓ ஊத்தாதீங்க, அதுல உப்பே இல்லாததால பிஹெச், அதாவது தண்ணியோட அமில அளவு காட்டற நம்பர், திடீர்னு எறங்கிடும். 6லிருந்து 6.5 இருந்தா நல்லது, தெருவுல விழற வாதாங்கொட்டை இலைய காயவெச்சி கழுவி ரெண்டு போடுங்க, தண்ணி லேசா டீ கலர் ஆகும், அமேசான் ஆத்துப் பக்கம் டிஸ்கஸ் வாழற தண்ணியும் அப்படித்தான் பல எடத்துல.

சூடு 28லிருந்து 30 டிகிரி. மே மாசம் ஹீட்டரே தேவப்படாது, ஆனா சூட்டுல ஆக்சிஜன் கொறையும், ஏர் பம்ப் ராத்திரி பகலா ஓடணும், கரண்ட் போனா ஓட பேட்டரி பம்ப் ஒண்ணு கண்டிப்பா வெச்சிக்குங்க. மார்கழில ஹீட்டர் போட்டே ஆகணும்.

முட்டை போட ஒன்றரை அடி சதுர டேங்க் போதும், மணல் செடி எதுவும் வேணாம், ஸ்பாஞ்ச் ஃபில்டரும் முட்டை ஒட்டறதுக்கு கவுத்து வெச்ச ஒரு மண்தொட்டியும்தான். ரெண்டு மூணு நாள்ல பொரியும், இன்னும் ரெண்டு மூணு நாள்ல குஞ்சு நீந்த ஆரம்பிக்கும், நீந்தினதும் நேரா அப்பா அம்மா ஒடம்புல போய் ஒட்டிக்கும், தோல்ல சொரக்கற சளிதான் அதுக்குத் தாய்ப்பால் மாதிரி! அந்தக் காட்சிக்காகவே எத்தன ராத்திரி வேணும்னாலும் முழிச்சிருக்கலாங்க. அப்ப ஒரு சின்ன லைட் எரியட்டும், இருட்டுல குஞ்சு வழி தவறிடும். முதல் ரெண்டு தடவை முட்டைய அதுங்களே தின்னுட்டா கோவப்பட்டு ஜோடியப் பிரிக்காதீங்க, கத்துக்கும்.

அஞ்சாறு நாள் கழிச்சி முட்டையிலேர்ந்து அப்பப்ப பொரிய வெச்ச ஆர்டீமியா (கண்ணுக்கு லேசா தெரியற குட்டி உப்புநீர் இறால்) கொஞ்சம் கொஞ்சமா குடுங்க, மிச்சத்த உடனே உறிஞ்சி எடுத்துட்டு அதே சூட்டுல இருக்கற புதுத் தண்ணி விடுங்க. ரெண்டு மூணு வாரத்துல குஞ்சுங்கள தனி டேங்குக்கு மாத்திடுங்க, இல்லேன்னா கடிச்சி கடிச்சி பெருசுங்க தோலு புண்ணாயிடும்.