தொண்டைப் புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் பிறகு: உடல் தேறவும் துணை தேடவும் ஒரு கையேடு

சிகிச்சையின் கடைசி நாளன்று வீடு திரும்புகிறவர்கள், இனி நாளுக்கு நாள் உடம்பு தேறிவிடும் என்ற எண்ணத்தோடுதான் திரும்புகிறார்கள். தொண்டைக்குக் கதிர்வீச்சு பெற்றவர்களுக்கு அப்படி நடப்பதில்லை. ஆறு அல்லது ஏழு வாரங்களாகச் செலுத்தப்பட்ட கதிர்வீச்சின் தாக்கம் கடைசித் தவணைக்குப் பிறகும் ஒன்றிரண்டு வாரங்களுக்குக் கூடிக்கொண்டே போய், அதன் பிறகுதான் தணியத் தொடங்கும். என் அண்ணனுக்கு 35 தவணைகள் முடிந்த பத்தாவது நாள்தான் எல்லாவற்றிலும் கடுமையாக இருந்தது. எச்சிலைக்கூட விழுங்க முடியாமல், "சிகிச்சை பலிக்கவில்லையா?" என்று ஒரு காகிதத்தில் எழுதி என்னிடம் நீட்டினார். இது எதிர்பார்க்க வேண்டிய ஒன்றுதான் என்று எங்களுக்கு முன்பே தெரிந்திருந்தால் அந்த இரவை அவ்வளவு பயத்தோடு கழித்திருக்க மாட்டோம். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதல் சில வாரங்கள்

வாயிலும் தொண்டையிலும் உள்ள புண்கள் ஆறுவதற்குப் பல வாரங்கள் பிடிக்கும். அதுவரை வாயைச் சுத்தமாகவும் ஈரமாகவும் வைத்திருப்பதே முதல் வேலை. ஒரு குவளை வெதுவெதுப்பான நீரில் கால் தேக்கரண்டி சமையல் சோடாவும் அதில் பாதியளவு உப்பும் கலந்து, விழித்திருக்கும் நேரம் முழுவதும் சில மணிக்கு ஒருமுறை வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு, பிறகு வெறும் நீரால் அலச வேண்டும். ஆல்கஹால் கலந்த மவுத்வாஷைத் தொடவே வேண்டாம். அது புண்ணை எரிப்பதோடு ஏற்கெனவே வறண்ட வாயை மேலும் வறளச் செய்யும்.

வலி மருந்தை வலி பொறுக்க முடியாமல் போன பிறகு தேடுவதைவிட, மருத்துவர் குறித்த நேரத்தில் தவறாமல் எடுத்துக்கொள்வதே நல்லது. சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பாக ஒரு வேளை மருந்து அமையும்படி கேட்டுக்கொண்டால் விழுங்குவது எளிதாகும். மார்ஃபின் வகை மருந்து தரப்பட்டிருந்தால் மலச்சிக்கல் வருவது ஏறக்குறைய உறுதி என்பதால், அதற்கான மருந்தையும் அப்போதே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

விழுங்குவதை நிறுத்தாதீர்கள்

இந்தக் கையேட்டில் ஒன்றே ஒன்றை மட்டும் நினைவில் வைக்க முடியும் என்றால், அது இதுவாக இருக்கட்டும். விழுங்கும் தசைகள் சில வாரங்கள் வேலை செய்யாமல் இருந்தாலே வலுவிழக்கும். கதிர்வீச்சு பட்ட திசுவோ மாதங்கள் செல்லச் செல்ல இறுகிக்கொண்டே வரும். மூக்கு வழியாகவோ வயிற்றில் நேரடியாகவோ உணவுக் குழாய் பொருத்தப்பட்டவர்கள், சத்து எப்படியும் போய்ச் சேர்கிறது என்ற நிம்மதியில் வாயால் விழுங்குவதையே விட்டுவிடுகிறார்கள். குழாய் உயிரைக் காப்பாற்றுகிறது என்பதில் ஐயமில்லை. ஆனால் மருத்துவக் குழு வேண்டாம் என்று தடுக்காத வரையில், குழாய் இருக்கும் நாட்களிலும் தினமும் சில மிடறு தண்ணீரையாவது வாயால் விழுங்கிவர வேண்டும்.

பேச்சு மற்றும் விழுங்குதல் சிகிச்சையாளர்தான் இந்தக் கட்டத்தில் உங்களுக்கு மிக முக்கியமானவர். அவரிடம் இதுவரை அனுப்பப்படவில்லை என்றால் நீங்களே கேட்டுப் பெறுங்கள். அவர் கற்றுத்தரும் பயிற்சிகள் பார்ப்பதற்கு எளியவை: பெரிய கவளத்தை விழுங்குவதுபோல் தொண்டைத் தசைகள் அனைத்தையும் இறுக்கி எச்சிலை விழுங்குவது, நாக்கின் நுனியைப் பற்களுக்கிடையே மெல்லப் பிடித்தபடி விழுங்குவது (இதைச் செய்யும்போது வாயில் உணவோ நீரோ இருக்கக் கூடாது), விழுங்கும்போது மேலெழும் குரல்வளையைச் சில விநாடிகள் மேலேயே நிறுத்திவைப்பது. எதை எத்தனை முறை செய்வது என்பதை அவர்தான் உங்கள் தொண்டையைப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

அண்ணனின் முதல் நாள் பயிற்சி, இரண்டே தேக்கரண்டி தண்ணீர். முதல் கரண்டியை வாயில் வாங்கிக்கொண்டு, கண்களை மூடி, நாற்காலியின் கைப்பிடியை இரு கைகளாலும் பற்றிக்கொண்டு அவர் விழுங்கியதை அண்ணியும் நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம். அன்றிலிருந்து அண்ணி ஒரு நோட்டில் கணக்கு வைத்தார். விழுங்கிய ஒவ்வொரு கரண்டிக்கும் ஒரு கோடு. இருமல் வந்தால் அந்தக் கோட்டின் மேல் ஒரு வட்டம். மூன்று வாரம் கழித்துச் சிகிச்சையாளர் அந்த நோட்டைப் புரட்டியபோது, வட்டங்களில் பெரும்பாலானவை மாலை வேளையில்தான் விழுந்திருந்தன. உடல் களைத்த நேரத்தில்தான் புரையேறுகிறது என்று கண்டுகொண்டு, கடினமான உணவுகளைக் காலைக்கு மாற்றினார். எல்லோரும் இப்படி ஒரு நோட்டு வைத்துக்கொள்ள வேண்டும் என்றே சொல்வேன்.

புரையேறினால் இருமல் வரும் என்று நாம் நம்பியிருக்கிறோம். சிகிச்சைக்குப் பிறகு தொண்டையின் உணர்வு மங்கிப்போவதால், உணவு மூச்சுக்குழாய்க்குள் போயும் இருமலே வராமல் இருக்கக்கூடும். சாப்பிட்ட பின் குரல் கொழகொழவென்று ஈரமாக ஒலிப்பது, காரணம் தெரியாமல் காய்ச்சல் வருவது, நெஞ்சுச் சளி அடிக்கடி திரும்புவது ஆகியவை அதற்கான அறிகுறிகள். விழுங்குவதை எக்ஸ்ரே காணொளியாகப் பதிவு செய்யும் பரிசோதனை ஒன்று இருக்கிறது. ஐயம் இருந்தால் அதைக் கேளுங்கள்.

எடையை வாரம் ஒருமுறை ஒரே தராசில் பாருங்கள். குறைந்துகொண்டே போனால் அடுத்த சந்திப்புவரை காத்திராமல் உணவியல் வல்லுநரை அழையுங்கள். சுவை திரும்பப் பல மாதங்கள், சிலருக்கு ஓராண்டுகூட ஆகலாம் என்பதால், பசிக்கும்போது சாப்பிடலாம் என்று இருக்கக் கூடாது. கடிகாரத்தைப் பார்த்துத்தான் சாப்பிட வேண்டும்.

தாடை, பல், கழுத்து

மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தி வாய்க்குள் நுழைத்துப் பாருங்கள். முன்பு நுழைந்தவை இப்போது நுழையவில்லை என்றால் தாடை இறுகத் தொடங்கியிருக்கிறது. உடனே வாயைத் திறக்கும் பயிற்சியைத் தொடங்கினால் பெருமளவு மீட்கலாம், விட்டுவிட்டால் மீட்பது கடினம்.

உமிழ்நீர் குறைந்துவிட்டதால் பற்கள் வேகமாகச் சொத்தையாகும். ஃபுளோரைடு சிகிச்சையும், ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது பல் பரிசோதனையும் தேவை. எந்தப் பல் மருத்துவரிடம் சென்றாலும், எத்தனை ஆண்டுகள் கழித்துச் சென்றாலும், தாடைக்குக் கதிர்வீச்சு பெற்றதை முதலில் சொல்லிவிடுங்கள். கதிர்வீச்சு பட்ட தாடை எலும்பில் இரத்த ஓட்டம் குறைந்திருக்கும் என்பதால், அங்கே பல்லைப் பிடுங்கினால் புண் ஆறாமல் எலும்பே அழியும் ஆபத்து வாழ்நாள் முழுவதும் உண்டு.

முகவாய்க்குக் கீழே காலையில் அதிகமாகத் தெரியும் மெத்தென்ற வீக்கம் பெரும்பாலும் நிணநீர் (உடல் திசுக்களிலிருந்து வடியும் நீர்) தேங்குவதால் வருவது. தலையை உயர்த்திப் படுப்பதும், பயிற்சி பெற்றவரிடம் கற்றுச் செய்யும் மென்மையான மசாஜும் உதவும். ஆனால் அது நிணநீர்தான் என்று முதலில் மருத்துவர் சொல்ல வேண்டும். கழுத்தில் நிணநீர் முடிச்சுகளை அகற்றியவர்களுக்குத் தோள் தொங்கி வலித்தால் பிசியோதெரபி அவசியம்.

குரல்வளை முழுவதும் அகற்றப்பட்டவர்களுக்கு

இவர்கள் கழுத்திலுள்ள துளை வழியாக மட்டுமே மூச்சு விடுகிறார்கள். மூக்குக்கும் வாய்க்கும் நுரையீரலோடு தொடர்பே இல்லை. அவசர நேரத்தில் ஆக்சிஜனைக் கழுத்துத் துளைக்குத்தான் தர வேண்டும் என்பதைப் பெரிய எழுத்தில் எழுதிய அட்டையை எப்போதும் உடன் வைத்திருங்கள். வீட்டாருக்கும் உடன் வேலை செய்பவர்களுக்கும் சொல்லிவையுங்கள். குளிக்கும்போது துளைக்குள் நீர் புகாதபடி மறைப்பு வேண்டும். மூச்சுக்காற்றை ஈரமாக்கித் தரும் வடிகட்டியை விடாமல் அணிந்தால் சளியும் இருமலும் குறையும்.

பேசுவதற்கு மூன்று வழிகள் உள்ளன: கழுத்தில் வைத்து அழுத்தும் எலக்ட்ரோலாரிங்ஸ் கருவி, உணவுக்குழாயில் காற்றை வாங்கி ஒலியாக வெளிவிடும் முறை, மூச்சுக்குழாய்க்கும் உணவுக்குழாய்க்கும் இடையே பொருத்தும் குரல் வால்வு. வால்வு வைத்திருப்பவர் தண்ணீர் குடித்ததும் இருமினால் அது கசிகிறது என்று பொருள், மாற்ற வேண்டும். வால்வு கழன்று விழுந்தால் அந்த வழி விரைவில் மூடிக்கொள்ளும், வால்வே மூச்சுக்குழாய்க்குள் போயிருக்கவும் கூடும் என்பதால் நேராக மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

தொடர் பரிசோதனை

நோய் திரும்புவதாக இருந்தால் பெரும்பாலும் முதல் இரண்டு ஆண்டுகளுக்குள் திரும்பும். அதனால்தான் முதல் ஆண்டில் ஒன்று முதல் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரச்சொல்லி, பிறகு படிப்படியாக இடைவெளியைக் கூட்டுகிறார்கள். நோய் மிச்சமிருக்கிறதா என்று பார்க்கும் பெட் ஸ்கேனைக் கதிர்வீச்சு முடிந்து ஏறத்தாழ 12 வாரங்கள் கழித்து எடுப்பது வழக்கம். முன்னதாக எடுத்தால் ஆறிக்கொண்டிருக்கும் புண்ணும் நோயைப்போலவே தெரிந்து வீணாகக் கலங்கடிக்கும்.

கழுத்துக்குக் கதிர்வீச்சு பெற்றவர்கள் தைராய்டு அளவை 6 முதல் 12 மாதத்துக்கு ஒருமுறை சோதிக்க வேண்டும். தீராத அசதியையும் குளிர் தாங்காமையையும் நோயின் களைப்பு என்று பலர் சகித்துக்கொண்டிருக்கிறார்கள். தைராய்டு குறைவாக இருந்தால் அதற்கு மாத்திரை உண்டு. சிஸ்பிளாட்டின் என்ற கீமோதெரபி மருந்தைப் பெற்றவர்கள் காதில் இரைச்சல் கேட்டால் செவித்திறனைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.

கழுத்தில் புதிய கட்டி, விடாத காதுவலி, மீண்டும் மாறும் குரல் ஆகியவற்றை உடனே தெரிவியுங்கள். வாயிலிருந்தோ கழுத்திலிருந்தோ புதிய இரத்தம் வந்தாலும், மூச்சு விடுவதில் சிரமம் ஏற்பட்டாலும் தொலைபேசியில் கேட்டுக்கொண்டிராமல் அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள்.

துணை தேடுதல்

உறவினர்களும் நண்பர்களும் "ஏதாவது வேண்டுமானால் சொல்லுங்கள்" என்பார்கள். அதை மனமாரத்தான் சொல்கிறார்கள். ஆனால் எதைச் செய்வது என்று அவர்களுக்குத் தெரியாது. செவ்வாய்க்கிழமை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வது, மருந்து வாங்கிவருவது, பராமரிப்பவர் இரண்டு மணி நேரம் தூங்குவதற்காக வீட்டில் வந்து உட்கார்ந்திருப்பது என்று வேலையைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். பராமரிப்பவரின் தூக்கத்தை நான் தனியாக அழுத்திச் சொல்கிறேன். அண்ணி பல வாரங்கள் முழு இரவு தூங்கவில்லை என்பதை நாங்கள் மிகத் தாமதமாகத்தான் கவனித்தோம்.

இதே சிகிச்சையைக் கடந்துவந்த ஒருவரோடு பேசுவது தரும் தெம்பு வேறெதிலும் கிடைக்காது. அப்படிப்பட்டவர்களை அறிமுகப்படுத்த முடியுமா என்று பேச்சுச் சிகிச்சையாளரையோ மருத்துவமனையின் சமூகப் பணியாளரையோ கேளுங்கள். குரல்வளை அகற்றப்பட்டவர்களுக்காக 1952-லேயே ஒரு பன்னாட்டுச் சங்கம் தொடங்கப்பட்டிருக்கிறது. இப்படிப்பட்டவர்கள் கூடும் குழுவில் கேட்கும் மருந்தையும் உணவு முறையையும் மட்டும் மருத்துவரிடம் கேட்காமல் பின்பற்ற வேண்டாம்.

புகையிலையால்தான் நோய் வந்தது என்ற குற்ற உணர்வில் சிலர் உதவி கேட்கவே கூசுகிறார்கள். சிகிச்சை பெறும் உரிமை யாருக்கும் குறைந்ததில்லை. இன்னும் விட முடியவில்லை என்றால் அதையும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். புகைப்பதைத் தொடர்ந்தால் இரண்டாவது புற்றுநோய்க்கான வாய்ப்பு கூடும், நிறுத்துவதற்கு மருந்தும் ஆலோசனையும் உண்டு. இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் மனம் ஒட்டாமல் இருந்தாலோ, வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலோ, அதையும் வலியைச் சொல்வதுபோல் அன்றைக்கே யாரிடமாவது சொல்லிவிட வேண்டும்.

பிறரோடு அமர்ந்து சாப்பிட வெட்கப்பட்டு அறைக்குள் தனியாகச் சாப்பிடுவது பலருக்கும் பழகிவிடுகிறது. அண்ணனும் நான்கு மாதம் அப்படித்தான் இருந்தார். பிறகு அண்ணி ஓர் ஏற்பாடு செய்தார்: அண்ணன் அரை மணி நேரம் முன்பாகவே தொடங்கிவிடுவார், நாங்கள் பிறகு வந்து உட்காருவோம், அவர் வாயில் உணவு இருக்கும்போது யாரும் அவரிடம் கேள்வி கேட்பதில்லை. இருமல் வந்தால் கையை உயர்த்துவார். தண்ணீரை நகர்த்தி வைத்துவிட்டு நாங்கள் பேச்சைத் தொடர்வோம்.